என்ஜின் விளக்கு எரிகிறதா? பணத்தை எடுக்கும் முன் எண்ணைக் கேளுங்கள்!

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

காலை 6 மணி. தாராவி 90 அடி ரோடு. நெல்லைச் சீமையில் இருந்து வந்து 20 வருடமாக மும்பையில் டாக்சி ஓட்டும் ஒருவர், ஊதுபத்தி கொளுத்தி, பிள்ளையார் படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, சாவியைத் திருகுகிறார். என்ஜின் கிளம்பிவிட்டது. ஆனால் வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு அணையாமல் நிற்கிறது. அது என்ஜின் படம் போட்ட விளக்கு.

வண்டியும் ஏதோ நொண்டுகிறது. சயான் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. "என்ன அண்ணாச்சி, வண்டி இருமுதே!" என்கிறார் பக்கத்து டாக்சிக்காரர்.

பட்டறைக்குப் போகிறார். ஒரு கருவியைச் செருகிப் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "கன்வர்ட்டர் கராப் ஹோ கயா, பாய். பதல்னா படேகா" என்கிறார் மெக்கானிக். புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் கெட்டுவிட்டதாம். மாற்றியே ஆக வேண்டுமாம். செலவு 25 ஆயிரம் ரூபாய்!

ஊரில் படிக்கும் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வைத்திருந்த பணம் அது. வண்டி ஓடாவிட்டால் அன்றாட வருமானமும் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

அவர் பணத்தைக் கொடுக்கலாமா?

கூடாது. இன்னும் கொடுக்கக் கூடாது. அவர் முதலில் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "கருவியில் வந்த எண் என்ன?"

அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதை வைத்து என்ன சோதனை செய்வது என்று தெரிந்துகொண்டால், டாக்சி டிரைவர்களும் சரி, கடன் வாங்கிப் பழைய கார் வாங்கிய குமாஸ்தாக்களும் சரி, வீண் செலவில் இருந்து தப்பிக்கலாம்.

விளக்கு இல்லாத காலம்

மும்பையில் பல ஆண்டு டாக்சி ஓட்டியவர்களுக்குப் "பத்மினி" வண்டியை மறக்க முடியாது. குர்லா தொழிற்சாலையில் தயாரான வண்டி அது. டாக்சியாகப் பதிவான கடைசி பத்மினிக்கு 2003 அக்டோபரில் நம்பர் கிடைத்தது. டாக்சிக்கு 20 வருடம்தான் வயது என்பது இங்குள்ள விதி. ஆகவே 2023 அக்டோபர் 30-ந் தேதியோடு பத்மினி டாக்சி மும்பைத் தெருக்களில் இருந்து விடைபெற்றது.

அந்த வண்டியில் என்ஜின் விளக்கு கிடையாது. கம்ப்யூட்டரும் கிடையாது. கார்புரேட்டர், பாயிண்ட், பிளக் இவைதான். கோளாறு என்றால் மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்பார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பு என்றால் எல்லாம் சரி.

இன்றைய வண்டியில் அந்தக் காதும் கண்ணும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. காற்று எவ்வளவு வருகிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று "சென்சார்"கள் ஓயாமல் அளந்து சொல்கின்றன. அளவு தப்பினால் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது.

எங்கிருந்து வந்தது?

இந்த விளக்கின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. கார் புகையால் திணறிய கலிபோர்னியா மாநிலம், புகைக் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால் வண்டியே அதைச் சொல்ல வேண்டும் என்று 1988-ம் ஆண்டு மாடல் வண்டிகளில் இருந்து விதி செய்தது. 1996-ல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி எண் என்று ஆயிற்று.

நம் நாட்டில் இந்த ஏற்பாடு 2010 ஏப்ரலில் படிப்படியாகத் தொடங்கியது. 2013 ஏப்ரலில் இருந்து விரிவான இரண்டாம் கட்டம் கார்களுக்குக் கட்டாயம் ஆயிற்று. 2020 ஏப்ரலில் "பாரத் ஸ்டேஜ்-6" வந்தபோது கண்காணிப்பு இன்னும் கடுமையானது.

இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. எண்ணை ஒரு கம்பெனிக்காரர் மட்டுமே படிக்கலாம் என்ற நிலை இல்லை. பொது எண்கள் எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் ஒன்றேதான்.

எந்த விளக்கு?

முதலில் நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் கிண்டி படமோ, தெர்மாமீட்டர் படமோ எரிந்தால் அது வேறு சங்கதி. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது, அல்லது என்ஜின் கொதிக்கிறது என்று பொருள். உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

மஞ்சள் நிற என்ஜின் படம் நிலையாக எரிந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. வண்டி வழக்கம்போல ஓடுகிறது, சத்தம் இல்லை, சூடு ஏறவில்லை என்றால் நிதானமாக ஓட்டி ஓரிரு நாளில் காட்டலாம்.

அதே மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கவனம் தேவை. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. அந்தப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை அளவுக்கு மேல் சூடாக்கிக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து, சீக்கிரம் நிறுத்துவதே நல்லது. சில நூறு ரூபாய் பிளக் கோளாறு பல ஆயிரம் ரூபாய்க் கன்வர்ட்டர் செலவாக மாறுவது இப்படித்தான்.

எண் என்பது தீர்ப்பு அல்ல

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் 16 ஊசி கொண்ட ஒரு பிளக் இருக்கும். அதில் கருவியைச் செருகினால் எண் தெரியும்.

இந்தக் கருவி இன்று பெரிய பொருள் அல்ல. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, செல்போனில் எண்ணைக் காட்டும் கருவிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. நாலைந்து டிரைவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து "பி" வந்தால் என்ஜின் அல்லது கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து வரும் 0, அது பொது எண் என்பதைக் காட்டும். 1 என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த எண். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 வந்தால் காற்று, பெட்ரோல் விவகாரம். 3 வந்தால் தீப்பொறி விவகாரம். 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எண் வந்தால் அந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல! எண் என்பது ஒரு புகார் மனு. போலீஸ் நிலையத்துக்கு ஒரு மனு வந்தால் உடனே ஒருவரைப் பிடித்து உள்ளே போட முடியுமா? விசாரிக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். "இந்த இடத்தில் அளவு தப்பியிருக்கிறது" என்று மட்டும் எண் சொல்கிறது. ஏன் தப்பியது என்று சொல்வது இல்லை.

அடிக்கடி வரும் எண்கள்

பி 0301, 0302, 0303, 0304: முறையே 1, 2, 3, 4-ம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி 0300 என்றால் எந்த ஒரு சிலிண்டர் என்று குறிப்பிட முடியாதபடி கோளாறு மாறி மாறி வருகிறது.

சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால் இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்து ஆறவிட்டு, 2-ம் சிலிண்டர் காயிலைக் கழற்றி 3-ம் சிலிண்டரில் மாட்டுங்கள். 3-ல் இருந்ததை 2-ல் மாட்டுங்கள். எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது 0303 என்று வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் 0302 என்றே வந்தால் காயில் நல்லது. பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். பிளக்கையும் இதே மாதிரி மாற்றி மாட்டிச் சோதிக்கலாம்.

பி 0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பத்மினி காலத்தில் பிளக் வெளுத்துப்போய்ச் சொன்ன அதே செய்தி! உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். ஆனால் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். ரப்பர் குழாயில் வெடிப்பு, தளர்ந்த கிளிப், பெட்ரோல் பம்பில் அழுத்தக் குறைவு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். "உஸ்" என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள்.

பி 0135: ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் கம்பியில் மின்சாரம் சரியில்லை. சென்சார் கெட்டிருக்கலாம். ஆனால் பியூஸ் போயிருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் இதே எண்தான் வரும். பியூசின் விலை சில ரூபாய்!

பி 0420: கன்வர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை. ஆளை மிரட்டும் எண் இதுதான். கன்வர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். ஆனால் புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் சோர்ந்துபோயிருந்தாலும் இந்த எண் வரும். கூடவே 0301 முதல் 0304 வரை ஏதாவது வந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுக் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இன்னொரு விஷயம். கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. கெட்டுப்போன பழைய கன்வர்ட்டருக்கும் நல்ல விலை உண்டு. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அல்லது அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கேஸ் வண்டிக்கு ஒரு சோதனை

மும்பை டாக்சிகளில் பெரும்பாலானவை சி.என்.ஜி. வண்டிகள். இவற்றுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் கேசில் ஓட்டுங்கள். ஒரு நாள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள்.

கேசில் மட்டும் நொண்டுகிறது என்றால் கேஸ் பில்டர், ரெகுலேட்டர், கேஸ் இன்ஜெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டிலும் நொண்டினால் பிளக், காயில், சென்சார் போன்ற பொதுச் சாமான்களைப் பார்க்க வேண்டும்.

கேசைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி தேவை. பெட்ரோலில் ஒப்பேற்றிவிடும் தேய்ந்த பிளக், கேசில் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே கேஸ் வண்டியில் பிளக்கைக் குறித்த காலத்தில் மாற்றுவது சிக்கனம். வெளியில் கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் கிட்டின் செட்டிங் சரியில்லாமலும் விளக்கு எரியலாம்.

மழையும் எலியும்

ஜூன் மாதம் மழை தொடங்கியதும் பட்டறைகளில் என்ஜின் விளக்குக் கேஸ்கள் வரத் தொடங்கும். தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கினால் கனெக்டர்களில் ஈரம் புகும். எண் வரும். ஈரம் காய்ந்தால் கோளாறு போய்விடும். அதற்குள் புது சென்சார் வாங்கிவிடக் கூடாது.

இன்னொரு எதிரி எலி. இரவில் சாக்கடை ஓரம் நிறுத்தும் வண்டிகளில் என்ஜின் சூட்டுக்கு எலி ஏறிப் படுக்கும். சும்மா இருக்காமல் ஒயரைக் கடிக்கும். விளக்கு எரிந்தால் பானெட்டைத் திறந்து, கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயரை ஒட்டுப்போடுவதோடு வேலை முடிந்துவிடலாம். பாட்டரி சோர்ந்துபோனாலும் சம்பந்தம் இல்லாத எண்கள் வரும். அதையும் சோதிப்பது நல்லது.

பெட்ரோல் டாங்க் மூடி தளர்ந்தால் விளக்கு எரியும் என்று பலரும் சொல்வார்கள். அது அமெரிக்க வண்டிகளுக்கு முக்கியமாகப் பொருந்தும். அங்கே பெட்ரோல் ஆவி கசிவதையும் வண்டி அளக்க வேண்டும். நம் நாட்டு விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. மூடியை இறுக்கிப் பார்ப்பதில் செலவு இல்லை. ஆனால் அதையே நம்பி இருந்துவிட வேண்டாம்.

அழித்துவிட்டால் ஆயிற்றா?

சில இடங்களில் எண்ணை அழித்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று பணம் வாங்கிவிடுவார்கள். விளக்கும் அணைந்திருக்கும். நாலு நாள் கழித்து மறுபடி எரியும்!

காரணம் இதுதான். பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தவறு தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் விளக்கை ஏற்றும். அதுவரை சும்மா இருக்கும். அதுபோலவே கோளாறு உண்மையாகவே தீர்ந்துவிட்டால், பொதுவாக மூன்று நல்ல ஓட்டத்துக்குப் பிறகு விளக்கு தானாகவே அணைந்துவிடும்.

எண்ணை எழுதிக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்ற குறிப்பையும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். விசாரணைக்கு உதவும் சாட்சியை நாமே கலைத்த கதைதான்.

பழைய கார் வாங்குவோருக்கு

செம்பூரிலும் டோம்பிவிலியிலும் ஆபீசில் கடன் போட்டுப் பழைய கார் வாங்குவோர் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியது இது.

என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருகுங்கள். மஞ்சள் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். என்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். சாவியைத் திருகும்போது எரியவே இல்லை என்றால் சந்தேகம் கொள்ளுங்கள். கோளாறை மறைக்க விளக்கையே செயல் இழக்கச் செய்திருக்கலாம்.

கருவியையும் செருகிப் பாருங்கள். எண் எதுவும் இல்லாமல், உள் சோதனைகள் பலவும் "முடியவில்லை" என்று காட்டினால், அண்மையில்தான் யாரோ எண்ணை அழித்திருக்கிறார்கள், அல்லது பாட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது

மொழி தெரியாததால் பலர் வாயைத் திறப்பது இல்லை. நாலு வாக்கியம் போதும்.

"கௌன்சா கோட் ஆயா? காகஸ் பே லிக் கே தோ." (என்ன எண் வந்தது? தாளில் எழுதிக் கொடுங்கள்.)

"பார்ட் பதல்னே கே பஹ்லே செக் கைசே கியா?" (பொருளை மாற்றும் முன் எப்படிச் சோதித்தீர்கள்?)

"புரானா பார்ட் வாபஸ் சாஹியே." (பழைய பொருள் திரும்ப வேண்டும்.)

"பக்கா பில் சாஹியே." (முறையான பில் வேண்டும்.)

நேர்மையான மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவர் சோதிக்கச் செலவிடும் நேரத்துக்குக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். சோதனைக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், வீணாகப் பொருள் வாங்கும் பல ஆயிரத்தைக் காப்பாற்றும். வண்டிக்குக் கம்பெனி உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு டெலிபோன் செய்யலாம். தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

தாராவி டிரைவர் என்ன செய்யலாம்?

கையைப் பிசைந்துகொண்டு நின்ற டிரைவரிடம் திரும்புவோம்.

அவர் தாளில் எண்ணை எழுதி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் ஒன்று அல்ல, இரண்டு எண்கள் இருக்கின்றன. பி 0420. பி 0302. மெக்கானிக் முதல் எண்ணை மட்டும்தான் சொன்னார்!

இரண்டாவது எண்தான் வண்டி நொண்டும் காரணத்தைக் காட்டுகிறது. ஸ்டீயரிங் நடுங்கியதும் அதனால்தான். வண்டியைப் பெட்ரோலுக்கு மாற்றிப் பார்க்கிறார். அப்போதும் நொண்டுகிறது. கேஸ் பக்கம் குற்றம் இல்லை. 2-ம் சிலிண்டர் காயிலையும் 3-ம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றி மாட்டுகிறார். எண் 0303 என்று மாறுகிறது. அகப்பட்டுவிட்டது!

ஒரு காயில், ஒரு செட் பிளக். செலவு சில ஆயிரத்துக்குள் முடிகிறது. எண்ணை அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுகிறார். 0420 திரும்பி வரவில்லை என்றால் கன்வர்ட்டர் தப்பித்தது. வந்தால், அப்போது புகைக் குழாயையும் சென்சாரையும் பார்த்து, கடைசியாகத்தான் கன்வர்ட்டர்.

மகளின் காலேஜ் பீஸ் அதுவரை பெட்டியிலேயே இருக்கும். அதைத் தொடும் அவசியமே வராமலும் போகலாம்.